கொட்டியாரத்துப் புளியமரம்

இலங்கைத் தீவின் கீழ்க்கரையிலே, திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே வளைந்து கிடக்கின்றது கொட்டியாரக் குடா. அதன் வடபால் கோணேசர் கோயில் கொண்ட மலை கடலுள் நீண்டு நிற்கின்றது. தென்பால் மூதூரும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் உள்ளன. கண்டி மலைநாட்டைச் சுற்றிவரும் மகாவலி கங்கை நெடுந்தூரம் நடந்து இக்குடாவிலேயே கடலோடு கலக்கின்றது. எனவே, இக்குடா பண்டைக் காலத்திலே கடலிலிருந்து மலைநாட்டுக்குச் செல்லும் வாயில்களுள் ஒன்றாக விளங்கிற்று. வாயில் என்றாற் காவல் உண்டு. காவல் உள்ள இடத்திலே கேள்வியும் உண்டு. வருபவர் யாவர், எதற்கு வந்தார், யாருடைய அனுமதியோடு வந்தார் என்பனவே அக்கேள்விகள்.

மூதூர்ப் பக்கத்திலே ஒரு புளியமரத்தின் அடியில் 1893ஆம் ஆண்டிலே ஒரு கல் நாட்டப்பட்டது. அம்மரத்தை வெள்ளைக்காரன் மரம் என்று அக்கல் குறிக்கின்றது. 1660ஆம் ஆண்டிலே ஓர் ஆங்கிலக் கப்பற்றலைவன் அம்மரநிழலில் இளைப்பாறியிருந்தபோது கண்டி மன்னனின் படைஞராற் சிறைபிடிக்கப்பட்டான். அவனும் அவன் மகனும் கப்பலைச் சேர்ந்த பிறருமாகப் பதினறுவர் அன்று சிறைப்பட்டனர். அம்மகன் மீண்டும் கடற்கரையைக் காணப் பத்தொன்பதரை ஆண்டுகள் சென்றன.

அனுமதியின்றி எல்லை கடந்தவர்களின் துயரத்தை இக்காலத் திரைப்படங்கள் பல எடுத்துக் காட்டுகின்றன. மொழி அறியாத நாட்டிலே ஒருவன் காலடி வைக்கின்றான். அவன் புன்னகையை அந்நாட்டார் சூழ்ச்சி என்று கொள்கின்றனர். அவர்களுடைய வழக்கத்தை அவன் கொடுமை என்று கொள்கின்றான். திரையிலே இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் அக்கதை கொட்டியாரத்திலே உண்மையாகவே நிகழ்ந்தது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நீடித்தது. அதன் தொடக்கம் ஒரு போரன்று, ஒரு கொள்ளையுமன்று. எழுத வேண்டிய ஒரு மடல் எழுதப்படாமற் போனதே அதன் தொடக்கம்.

அக்காலத்திலே கண்டியிலிருந்து ஆட்சி புரிந்தவன் இரண்டாம் இராசசிங்கன். அவன் ஐரோப்பியரை ஐயுற்றதற்குக் காரணங்கள் இருந்தன. போர்த்துக்கேயர் கரையோர நாடுகளைக் கைக்கொண்டு மலைநாட்டின்மீது பன்முறை படையெடுத்தனர். திருகோணமலையிலே கோணேசர் கோயிலை இடித்து, 1624ஆம் ஆண்டளவில் அங்கே கோட்டை கட்டினர். அவர்களை வெளியேற்றும் பொருட்டு மன்னன் ஒல்லாந்தரின் துணையை நாடினான். 1638ஆம் ஆண்டிலே மட்டக்களப்பிலே உடன்படிக்கை எழுதப்பட்டது. கைப்பற்றப்படும் கோட்டைகளிலே ஒல்லாந்தப் படை இருப்பது மன்னனுடைய விருப்பத்தைப் பொறுத்தது என்னும் கருத்துடைய சொற்கள் மன்னனிடம் இருந்த படியிலே காணப்பட்டன. ஒல்லாந்தரின் படியிலே அச்சொற்கள் காணப்படவில்லை. 1656ஆம் ஆண்டிலே கொழும்பு வீழ்ந்தபோது, கோட்டையை மன்னனிடம் ஒப்படைக்காமல் ஒல்லாந்தர் தாமே வைத்துக்கொண்டனர். 1658ஆம் ஆண்டிலே மன்னாரும் யாழ்ப்பாணமும் அவர்கள் வசமாயின. ஒரு பகைவனை விரட்ட மற்றொருவனை வீட்டுக்குள் அழைத்துவந்ததை மன்னன் காலங்கடந்து உணர்ந்தான். அதன்பின் கடலிலே தோன்றும் ஒவ்வொரு பாயும் அவன் கண்ணுக்கு ஒரு கேள்விக்குறியாகவே தோன்றியிருக்கும்.

இந்த வேளையிலேதான் கொட்டியாரத்துக்கு ஓர் ஆங்கிலக் கப்பல் வந்தது. அதன் பெயர் ஆன். தலைவன் பெயர் றொபேட் நொக்ஸ். மகனுக்கும் அதே பெயர். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வாணிகத்தில் ஈடுபட்டிருந்த அக்கப்பல் 1659ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே மசூலிப்பட்டினத்துக்கு அருகே பெரும் புயலிற் சிக்கியது. கப்பலைக் காக்கும் பொருட்டு நடுப்பாய்மரத்தை வெட்டிக் கடலில் விட நேர்ந்தது. பாய்மரம் இழந்த கப்பல் நெடும்பயணம் செல்லமாட்டாது. ஆகவே, சென்னைக் கோட்டையிலிருந்த கம்பெனி அதிகாரிகள், கொஞ்சம் துணிச்சரக்கை ஏற்றிக் கொட்டியாரத்துக்குச் சென்று, வாணிகம் செய்துகொண்டே புதிய பாய்மரம் நாட்டுமாறு பணித்தனர். பறங்கிப்பேட்டை வணிகர் சிலரும் தம் சரக்கோடு அக்கப்பலில் வந்து கொட்டியாரத்தில் இறங்கினர். சோழமண்டலக் கரைக்கும் கீழ்க்கரைத் துறைகளுக்கும் இடையே வாணிகப் போக்குவரவு இருந்தமையை இச்செய்தி காட்டுகின்றது.

வந்த ஆங்கிலேயர் முதலில் அஞ்சியே இருந்தனர். அவர்களுடைய நாட்டார்க்கும் இந்நாட்டார்க்கும் அதற்குமுன் கொடுக்கல் வாங்கல் இருந்ததில்லை. ஆயினும், நாள்கள் செல்லச் செல்ல அச்சம் தெளிந்தது. கரையிலே இறங்கினர்; மரம் தேடினர்; காசு கொடுத்து உணவுப் பொருள்களை வாங்கினர். யாரும் தடுக்கவில்லை. அவ்விடத்து அதிகாரியும் நல்வரவு கூறினான். ஏறக்குறைய இருபது நாள் இவ்வாறு கழிந்தது. தடுப்பார் இல்லாமையையே அனுமதி என்று அவர்கள் எண்ணிக்கொண்டனர்.

மலைநாட்டு அரண்மனையிலே அந்த இருபது நாள்களும் வேறு பொருள் தந்தன. அந்நாட்டு வழக்கப்படி, துறைக்கு வரும் அயலார் மன்னனுக்கு மடலும் காணிக்கையும் அனுப்பித் தம் வரவையும் நோக்கத்தையும் அறிவித்தல் வேண்டும். அது வெறும் உபசாரம் அன்று. இந்த நாட்டுக்கு ஓர் அரசன் உண்டு என்பதை ஏற்றுக்கொள்ளும் செயலாகும். கரையிலே உணவு விற்ற குடியானவனோ, முகமன் கூறிய ஊரதிகாரியோ அந்த அனுமதியைத் தரவல்லவர் அல்லர். ஆயுதம் தாங்கிய ஒரு கப்பல், மன்னனுடைய துறையிலே, மன்னனுக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் இருபது நாள் தங்கியிருந்தது. கப்பற்றலைவன் பழுது பார்க்க வந்த பயணி. அரசன் பார்வையிலோ அவன் வாயிலிலே சொல்லாது நுழைந்தவன். மன்னனுக்குத் தாம் செய்தி அனுப்பாமையே ஐயத்தை விளைத்தது என்று பிற்காலத்திலே மகன் நொக்ஸும் எழுதினார். வாய்மூடி இருந்தது பணிவென்று ஒரு பக்கத்தார் எண்ண, மறு பக்கத்தார் அதனை இறுமாப்பென்று கொண்டனர்.

மன்னன் ஒரு திசாவையைப் படையோடு அனுப்பினான். திசாவை என்பவன் ஒரு மாகாணத்தின் ஆட்சித் தலைவனும் படைத் தலைவனும் ஆவான். மன்னனிடமிருந்து மடல் வந்திருப்பதாகவும், கப்பற்றலைவன் நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும் என்றும் அவன் செய்தி விடுத்தான். கப்பற்றலைவன் முதலில் தன் மகனையும், வாணிகப் பொறுப்பாளரான ஜோன் லவ்லண்ட் என்பவரையும் அனுப்பினான். அவர்களிடம் திசாவை இன்முகம் காட்டினான். ஆங்கிலேயர் வந்ததறிந்து மன்னன் மகிழ்ந்ததாகவும், வேண்டிய உதவியைச் செய்யப் பணித்திருப்பதாகவும் கூறினான். மடலை மட்டும் தலைவன் கையிலன்றிப் பிறரிடம் கொடுப்பதற்கில்லை என்றான். அதனை நம்பித் தலைவன் படகேறிக் கரைக்கு வந்தான்; புளியமர நிழலிலே காத்திருந்தான். படைஞர் சூழ்ந்துகொண்டனர். நிகழ்ந்ததை அறியாது மரம் வெட்டக் கரையேறிய மற்றொரு படகின் ஆள்களும் பிடிபட்டனர். அழைப்பிலே வஞ்சம் இருந்தது என்பதை மறைத்தற்கில்லை. வழக்கம் அறியாமை ஒரு பக்கத்துப் பிழையானால், வாக்கை வலையாக வீசியது மறு பக்கத்துப் பிழையாகும்.

இனித் திசாவைக்குக் கப்பலும் வேண்டியிருந்தது. அதனை ஆற்றுக்குள் கொண்டுவருமாறு கட்டளை எழுத வேண்டும் என்றான். தலைவன் வேறு இல்லாமல் கப்பலிலுள்ளோர் கேளார் என்று சொல்லி, மகனைக் கப்பலுக்கு அனுப்ப இசைவு பெற்றான். புறப்படும் மகனிடம் தந்தை இரண்டு செய்திகளைச் சொன்னான். கப்பலைக் காத்துக்கொள்ளுமாறு அங்குள்ளோர்க்குச் சொல்ல வேண்டும் என்பது ஒன்று. தன்னை இந்நிலையிலே விட்டுவிடாமல் மகன் திரும்பி வரவேண்டும் என்பது மற்றொன்று. மகனுக்கு அப்போது வயது 19. கப்பலில் ஏறியபின் அவரைத் தடுப்பார் எவரும் இல்லை. கடலும் காற்றும் அவர் பக்கமே இருந்தன. ஆயினும் அவர் சொற்காத்தார். கப்பலிலுள்ளோர் தலைவனின் ஆணைக்குக் கீழ்ப்படிய மறுக்கின்றனர் என்று ஒரு பத்திரம் எழுதுவித்து, அதனைக் கையில் எடுத்துக்கொண்டு, தம் காலால் நடந்து சிறைக்கு மீண்டார். பின்னர்க் கப்பல் பாய்விரித்துச் சென்றது.

சிறைப்பட்டவர்கள் மலைநாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கே அவர்களுக்கு விலங்கோ இருட்டறையோ இல்லை. ஊருக்கு ஒருவர் இருவராகப் பிரித்துக் குடியிருத்தினர். அவர்களுக்கு வேளை தவறாது உணவளிப்பது அவ்வவ் ஊரார் கடமை என்பது அரசாணை. நாட்டைவிட்டுப் போகலாகாது என்ற ஒன்றே அவர்களுக்கு விதிக்கப்பட்ட தடை. மன்னன் அவர்களைத் தண்டிக்கவும் இல்லை, விடுவிக்கவும் இல்லை. அவர்களுக்கு முன்னரே மற்றோர் உடைந்த கப்பலைச் சேர்ந்த ஆங்கிலேயர் சிலரும் அந்நாட்டிலே அவ்வாறே இருந்தனர். தன் எல்லைக்குள் வந்த வெள்ளையரைத் தன்னிடமே வைத்துக்கொள்வது மன்னனுக்கு ஒரு பெருமையாகவும், ஒருவகைப் பாதுகாப்பாகவும் தோன்றியிருக்கலாம்.

நொக்ஸ் தந்தையும் மகனும் இக்காலக் குருணாகல் மாவட்டத்திலுள்ள பண்டார கொஸ்வத்தை என்னும் ஊரிலே வைக்கப்பட்டனர். இருவரையும் முறைக்காய்ச்சல் பற்றியது. மாதக்கணக்கிலே நோயுற்றுக் கிடந்த தந்தை 1661ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 9ஆம் நாள் உயிர் துறந்தான். கப்பலுக்குப் போன மகனைத் திரும்பி வரச் சொன்னது தானே என்ற எண்ணம் அவன் இறுதிக் காலத்திலே அவனைப் பெரிதும் வாட்டியது.

அடக்கம் செய்ய உதவி வேண்டி, மகன் தம்மிடமிருந்த பணிப்பையனை ஊராரிடம் அனுப்பினார். அவர்கள் மாடு கட்டும் பெரிய கயிறு ஒன்றைக் கொடுத்தனுப்பினர். கழுத்திலே கட்டிக் காட்டுக்குள் இழுத்துச் செல்லலாம் என்றனர். நோயால் நடக்கவும் வலியற்றிருந்த இளைஞருக்கு அச்சொல் எவ்வாறு தைத்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கூலி கொடுத்து ஒருவனை அமர்த்தி, தாமும் உடனிருந்து குழி தோண்டித் தந்தையை அடக்கம் செய்தார். அவ்வூரார் கல் நெஞ்சினர் என்று கூறி நின்றுவிடுவது எளிது. ஆனால், அதே ஊராரே நாள்தோறும் அவருக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்தவர்கள். உற்றார் அல்லாதவரின் பிணத்தைத் தொடுவது தீட்டு என்னும் நம்பிக்கை நம் நாட்டுச் சமுதாயங்கள் பலவற்றில் ஆழ வேரூன்றியிருந்தது. சோறிடுவதற்கு முன்வந்த கை, தீட்டென்னும் எல்லையிலே நின்றுவிட்டது. நாட்டின் எல்லைகளிலே காவலாள் நிற்பான். மனத்தின் எல்லைகளிலே வழக்கமே காவலாள்.

தனித்து விடப்பட்ட இளைஞருக்கு ஒரு நாள் எதிர்பாராத ஆறுதல் கிடைத்தது. ஒரு முதியவரிடம் ஆங்கில விவிலிய நூல் ஒன்று இருந்தது; கொழும்பு போர்த்துக்கேயரிடமிருந்து கைமாறிய காலத்திலே அது அவர் கைக்கு வந்தது. அவருக்கு அந்நூலாற் பயன் இல்லை. நொக்ஸ் அதனைப் பெறுவதற்காகத் தாம் பின்னிய குல்லா ஒன்றைக் கொடுத்தார். விலை இருவருக்கும் மகிழ்ச்சி தந்தது. ஒருவருக்குப் பயனற்றது மற்றவருக்கு உயிர்த்துணை ஆயிற்று.

அந்தக் குல்லாவே அவருடைய பிழைப்புக்கும் வழியாயிற்று. நூல் வாங்கிக் குல்லா பின்னி விற்றார். பன்றியும் கோழியும் வளர்த்தார். நெல்லைக் கடனாகக் கொடுத்து, அறுவடைக் காலத்திலே வட்டியோடு திரும்பப் பெற்றார். பின்னர்ச் சிறு சரக்குகளைத் தோளிலே சுமந்து ஊரூராக விற்றார். சிங்கள மொழி அவர் நாவிலே படிந்தது. சிங்களவர் உழவு செய்யும் முறை, உண்ணும் முறை, மணமுறை, வழிபாட்டு முறை ஆகிய யாவற்றையும் அருகிலிருந்து கண்டார். உடன் சிறைப்பட்டவர் பலர் அந்நாட்டுப் பெண்களை மணந்து அங்கேயே நிலைத்தனர். நொக்ஸ் மணம் செய்யாமல் இருந்தார். கண்டிக்கு அருகே எலதெத்தை என்னும் ஊரிலே வீடும் நிலமும் பெற்று வாழ்ந்தார். உடன் சிறைப்பட்ட ஒருவரின் மகளான லூசியா என்னும் சிறுமியைத் தம் பிள்ளைபோல் வளர்த்தார். புறக்கண்ணுக்கு அவர் அவ்வூர்க் குடியானவருள் ஒருவர். அகத்திலோ அவர் ஒரு கணமும் வழி தேடாமல் இருந்ததில்லை.

இதற்கிடையே கொட்டியாரக் குடாவிலே மற்றொரு கதை நிகழ்ந்தது. 1672ஆம் ஆண்டிலே டி லா ஹே என்னும் தளபதியின் தலைமையில் பிரெஞ்சுக் கப்பற்படை அங்கே வந்தது. 1665ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் திருகோணமலையைக் கைப்பற்றியிருந்தமையால், அவர்களுக்கு எதிராக ஒரு நட்பு கிடைக்குமென்று மன்னன் இவர்களை வரவேற்றான். மடலும் காணிக்கையும் அனுப்பும் வழக்கத்தைப் பிரெஞ்சுக்காரர் அறிந்திருந்தனர்; தூதர் ஒருவரை அனுப்பினர். ஆனால், லனரோல் என்னும் அத்தூதர் குதிரையிலிருந்து இறங்கி நடக்க மறுத்து, அரண்மனையைக் கடந்து குதிரைமேலேயே சென்றார். மன்னன் காணும் வேளை நீண்டபோது, காத்திருப்பது தமக்கு இழிவு எனக் கருதித் தம் விடுதிக்குத் திரும்பிவிட்டார். தம் அரசனுடைய மதிப்பைக் காப்பதாக அவர் எண்ணினார்; கண்டி அரசவையோ தன் அரசன் அவமதிக்கப்பட்டதாகக் கண்டது. தூதர் விலங்கிடப்பட்டார், நெடுங்காலம் நாடு திரும்பவில்லை. அவர் பெயரைத் தாங்கிய வழித்தோன்றல்கள் பின்னர் இலங்கையிலேயே வாழலாயினர். பிரெஞ்சுக் கப்பல்களும் ஒல்லாந்தரை எதிர்த்து நிற்க மாட்டாமல் அதே ஆண்டிலே அகன்றன. மடல் அனுப்பாதவனும் சிறைப்பட்டான். மடல் கொண்டுவந்தவனும் சிறைப்பட்டான். எனவே, வழக்கத்தின் சொல்லை அறிதல் மட்டும் போதாது. அதன் பொருளையும் அறிதல் வேண்டும் என்பது புலனாகின்றது.

கண்டி நாட்டின் எல்லைக் காவலை நொக்ஸ் நுணுகிக் கண்டார். மலைநாட்டுக்குள் செல்லும் வழிகளிலே முள்ளாலான கதவுகள் இருந்தன. அவற்றிலே இரவும் பகலும் காவலர் இருந்தனர். அரண்மனைப் பக்கமிருந்து வருவோர் களிமண்ணிலே பதித்த முத்திரையைக் காட்டினாலன்றிக் கடத்தல் இயலாது. முத்திரையும் ஆளுக்கு ஏற்ப வேறுபடும். சுமையாளுக்குக் காவடி சுமந்த உருவம். வெள்ளையனுக்குத் தலையில் தொப்பியும் இடையில் வாளும் உடைய உருவம். எழுத்தறியாத காவலனும் ஒரு நோக்கிலே ஆளையும் முத்திரையையும் ஒப்பிட்டறியலாம். காகிதக் கடவுச்சீட்டும் ஒளிப்படமும் இல்லாத காலத்திலே, களிமண்ணே அப்பணியைச் செய்தது.

அந்த முத்திரை நொக்ஸுக்குக் கிடைக்கப் போவதில்லை. ஆகவே, அவர் தம் தோட்சுமையையே முத்திரை ஆக்கினார். தம் கப்பலைச் சேர்ந்த ஸ்டீவன் ரட்லண்ட் என்பவரோடு சரக்கு விற்பவராய் வடக்கு நோக்கி ஆண்டுக்காண்டு சென்று வந்தார். ஊரார் அவர்களை அறிந்துகொண்டனர். அவர்களும் வழியை அறிந்துகொண்டனர். தப்பிச் செல்ல முயன்றபோதெல்லாம், மழை பொய்த்துக் காடு வறண்டு கிடந்தமையால், குடிநீர் இன்றித் திரும்ப நேர்ந்தது. இறுதியாக 1679ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதம் 22ஆம் நாள் எலதெத்தையிலிருந்து புறப்பட்டனர். வழியிலே ஓரூரில் அதிகாரியின் வீட்டுக்கே நேராகச் சென்றனர். ஒளிந்து செல்பவனையே உலகம் ஐயுறும் என்பதை அவர்கள் கற்றிருந்தனர். உலர்ந்த மான் இறைச்சி வாங்க வந்ததாகச் சொல்லி, அவனோடு அளவளாவி, ஐயம் தோன்றாமல் அகன்றனர். வந்த நாளிலே மகன் நொக்ஸுக்கு அந்நாட்டாரிடம் எவ்வாறு பேச வேண்டும் என்பது தெரியாது. போகும் நாளிலே அது அவருக்கு நன்கு தெரிந்திருந்தது.

அநுராதபுரத்தை அடைந்தபின், சிங்களவர் மல்வத்து ஓயா என்றும் தமிழர் அருவியாறு என்றும் வழங்கும் ஆற்றைப் பற்றிக்கொண்டு மேற்கே நடந்தனர். செதுக்கிய கற்றூண்கள் காட்டிலே குவிந்து கிடக்கக் கண்டனர். அவை பழைய பேரரசொன்றின் எஞ்சிய சின்னங்கள். இரவிலே யானைக்கு அஞ்சித் தீ மூட்டினர்; மழைக்கும் பனிக்கும் மான்தோலை விரித்து அதன்கீழ் ஒடுங்கினர். ஆள் அரவம் கேட்டபோது மரப்பொந்திலே ஒளிந்தனர். காட்டின் மறுபுறம் வன்னித் தமிழரின் ஊர்கள். சிங்களத்தைத் தாய்மொழிபோற் பேசக் கற்ற நொக்ஸுக்குத் தமிழ் தெரியாது. மீண்டும் அவர் மொழியற்றவர் ஆனார். பத்தொன்பது ஆண்டுகளாகச் சேர்த்த சொற்செல்வம் ஓர் ஆற்றங்கரையோடு செல்லாக்காசு ஆயிற்று. சைகையும் சிறு கத்திகளுமே அங்கே பேசும் மொழியாயின.

அவ்வாண்டு ஒக்டோபர் மாதம் 18ஆம் நாள், சனிக்கிழமை பிற்பகல், அவர்கள் மன்னாருக்குத் தெற்கேயுள்ள அரிப்புக் கோட்டையை அடைந்தனர். அது ஒல்லாந்தர் வசமிருந்தது. கொட்டியாரத்திலே கீழ்க்கடலிலிருந்து உள்ளே புகுந்தவர், அரிப்பிலே மேல்கடலைக் கண்டார். பத்தொன்பதாம் வயதிலே உள்ளே வந்தவருக்கு இப்போது வயது 38. அவர் உள்ளே வந்தது, எல்லை என்று அறியாமற் கடந்த குற்றம். வெளியே சென்றது, எல்லை என்று அறிந்தே கடந்த குற்றம். கண்டிச் சட்டத்தின் கண்ணிலே இரண்டும் ஒன்றே. மனிதனுடைய கண்ணிலே இரண்டையும் ஒன்றென்று கூறுவது அரிது.

மன்னார், கொழும்பு, பத்தாவியா, பந்தாம் வழியாக அவர் 1680ஆம் ஆண்டிலே இங்கிலாந்தை அடைந்தார். மறு ஆண்டிலே, இலங்கைத் தீவைப் பற்றி அவர் எழுதிய நூல் அறிவியலறிஞர் றொபேட் ஹூக்கின் முன்னுரையோடு இலண்டனிலே வெளிவந்தது. பின்னர் ஐரோப்பிய மொழிகள் சிலவற்றிலும் பெயர்க்கப்பட்டது. இராபின்சன் குரூசோ கதையை எழுதிய டானியல் டிபோ இந்நூலை அறிந்திருந்தார். 1720ஆம் ஆண்டிலே வெளிவந்த தம் மற்றொரு நாவலிலே நொக்ஸின் வரலாற்றை விரிவாக எடுத்தாண்டார். பதினேழாம் நூற்றாண்டிலே கண்டி நாட்டுக் குடியானவர் எவ்வாறு உழுதனர், எதனை உண்டனர், எதற்கு அஞ்சினர் என்பதை அறிய விழையும் வரலாற்றாசிரியர் இன்றும் அந்நூலை நாடுகின்றனர். அரண்மனைச் செப்பேடுகள் கூறாத செய்திகளை அந்தச் சிறைவாசி கூறுகின்றார்.

ஆயினும், அவர் கண்டவை எல்லாம் முழுமையானவை அல்ல. தம் தந்தையை இழந்த துயரும், மன்னன்மேற் கொண்ட கசப்பும் அவர் எழுத்திலே கலந்துள்ளன. தமிழ் அறியாத காரணத்தால், தமிழரை மலபாரிகள் என்னும் ஒரே சொல்லில் அடக்கிக் கடந்து சென்றார். எந்த மொழியை அறிந்தாரோ அம்மொழி பேசுவோரை அவர் மனிதராகக் கண்டார். அறியாத மொழியினரை வழியிலே எதிர்ப்பட்டவராக மட்டுமே கண்டார். இதனினும் வருந்தத்தக்க செய்தி ஒன்றுண்டு. நாடு திரும்பிய நொக்ஸ் மீண்டும் கம்பெனிக் கப்பலுக்குத் தலைவரானார். 1680களிலே மடகாசுகரிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து சென்ற் எலனா தீவிலே சேர்க்கும் தொழிலிலும் ஈடுபட்டார். தம் சம்மதமின்றி அயல்நாட்டிலே தடுத்து வைக்கப்படுவது எத்தகைய வேதனை என்பதை அவரினும் நன்கறிந்தார் சிலரே. அவ்வேதனை பிறர்க்கும் உண்டு என்பதை அவ்வறிவு அவருக்கு உணர்த்தவில்லை. துன்பம் ஒருவனுக்குத் தானாகவே இரக்கத்தைக் கற்பித்துவிடும் என்று எண்ணுவது பிழை.

கொட்டியாரத்துக் கதையிலே முழுக் கொடியவனும் இல்லை. முழுத் தூயவனும் இல்லை. ஏமாற்றப்பட்டுப் பழகிய ஓர் அரசன், பாய்மரம் தேடி வந்த ஒரு மாலுமி, அவர்களுக்கிடையே சொல்லப்படாமல் நின்ற ஒரு சொல், இவையே அக்கதை. கப்பல் வந்த முதல் வாரத்திலே ஒரு மடலும் சில முழம் துணியும் மலைநாட்டுக்குச் சென்றிருந்தால், அந்தத் தந்தை தன் நாட்டு மண்ணிலே கண்மூடியிருக்கலாம். மன்னனும் தன் ஐயத்தைப் படையாக அனுப்பாமல் ஒரு வினாவாக அனுப்பியிருந்தால், அவனுக்கும் ஒரு நண்பன் கிடைத்திருக்கலாம்.

நாடுகள் மாறின, அரசுகள் மாறின. களிமண் முத்திரை காகிதச் சீட்டாயிற்று. முட்கதவு சுங்கச் சாவடியாயிற்று. எனினும், கடல் கடந்தும் காடு கடந்தும் அயல் நாட்டின் வாயிலிலே வந்து நிற்கும் மனிதர் இன்றும் உளர். அவர்களை நோக்கி முதலிலே எழ வேண்டியது, நீர் யார், உமக்கு என்ன வேண்டும் என்னும் கேள்வி. அக்கேள்வி அவர்களுக்கு விளங்கும் மொழியிலே எழுதல் வேண்டும். வருபவரும் தாம் மிதித்த மண்ணுக்கு ஒரு வழக்கம் உண்டென்பதை நினைத்தல் வேண்டும். கொட்டியாரத்திலே அக்கேள்வியை இரு திறத்தாரும் இருபது நாள் கேளாதிருந்தனர். அதன் விடையை ஓர் இளைஞர் பத்தொன்பதரை ஆண்டுகள் தேட நேர்ந்தது.